‘நன்று’ என்னும் ஒற்றைச் சொல்

மாந்தரில் இருவர் எல்லா வகையாலும் ஒத்திருப்பது இல்லை. இதை அறியாதார் யாருமிலர். ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளையும் பெற்றவள் காலடி ஓசையாலேயே பிரித்தறிவாள். ஆனால், வேறுபாட்டை உணர்தல் ஒன்று. உணர்ந்ததைப் பிறரும் உணருமாறு சொல்லில் வடித்தல் வேறொன்று. முன்னது கண்ணுடையார் எல்லார்க்கும் இயல்வது. பின்னது சொல்வளமும் பொறுமையும் நடுநிலையும் உடையார்க்கே இயல்வது. ஒரு குமுகாயம் தன் மக்களை ஒருவர் ஒருவராகப் பார்க்கின்றதா, கூட்டம் கூட்டமாக எண்ணித் தள்ளுகின்றதா என்பதை, அதன் பேச்சில் வழங்கும் பண்புச் சொற்களைக் கொண்டே அளந்துவிடலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகள் வழங்கும் மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பார்க்க. மாணவரின் உடலில் அமைந்த அடையாளக் குறிகளை எழுதுதற்கு அதில் இடம் உண்டு. வலக்கையில் ஒரு மறு, இடத் தோளில் ஒரு தழும்பு என இரண்டு குறிகள் தேடிப் பிடித்து எழுதப்படுகின்றன. அதே தாளில் ஒழுக்கமும் பண்பும் பற்றி எழுதுதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் பெரும்பாலும் காணப்படுவது ‘நன்று’ என்னும் ஒற்றைச் சொல். பத்தாண்டுக் காலம் ஓர் ஆசிரியர் குழுவின் கண்முன் வளர்ந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தக்கது அவ்வளவே போலும்! தோளில் உள்ள மறு அப்பிள்ளையைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டுகின்றது. பண்பைப் பற்றிய சொல்லோ எவரினின்றும் எவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. தோலுக்குக் கிடைக்கும் கவனம் உள்ளத்திற்குக் கிடைக்கவில்லை.

குற்றம் ‘நன்று’ என்னும் சொல்லினது அன்று. அது நல்ல தமிழ்ச் சொல், பழந்தமிழ்ச் சொல். எல்லாரையும் பற்றி எழுதப்படும்போது எச்சொல்லும் பொருளிழக்கும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வறுமை தமிழுக்கு இயல்பானதா? அன்று, அன்று! ஆசிரியர் தொழிலுக்கே இலக்கணம் வகுத்த நன்னூலைப் பார்க்க. பவணந்தியார் மாணாக்கரை மூவகையாக்கி எட்டு உவமைகளால் விளக்குகின்றார். நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னம், வயிறார மேய்ந்தபின் ஓரிடத்து அமர்ந்து அசைபோடும் ஆன் ஆகியன தலைமாணாக்கர்க்கு உவமை. உழவன் உழைத்த அளவிற்கு விளையும் நிலம், சொல்லிக் கொடுத்ததையே சொல்லும் கிளி ஆகியன இடைமாணாக்கர்க்கு உவமை. வார்த்ததை ஒழுகவிடும் ஓட்டைக் குடம், செடிதொறும் ஓடி நுனி கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் பன்னாடை ஆகியன கடைமாணாக்கர்க்கு உவமை.

இவற்றின் நுண்மையை உன்னுக. கடைமாணாக்கர் நால்வரும் ஒருவகையினர் அல்லர். ஓட்டைக் குடம் மறதியின் வடிவம். ஆடு நிலையாமையின் வடிவம். எருமை பிறர் படிப்பையும் கெடுப்பவனின் வடிவம். பன்னாடை பொருளல்லாததைப் பொருளாகக் கொள்பவனின் வடிவம். நால்வரும் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கலாம். ஆயினும் நால்வர்க்கும் வேண்டும் மருந்து வெவ்வேறு. மறப்பவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் வேண்டும். தாவுபவனை ஒன்றில் நிலைக்கச் செய்தல் வேண்டும். கசடு பிடிப்பவனுக்கு எது மணி, எது பதர் என்று காட்டுதல் வேண்டும். வேறுபாட்டைப் பெயரிட்டுச் சொல்லியவர், பரிகாரத்திற்கும் வழி திறந்துவிட்டார். மேலும், ஆசிரியராகத் தகாதாரையும் அந்நூல் நான்கு உவமைகளால் காட்டிவிட்டது. அளக்கும் கோல் மாணாக்கனுக்கு மட்டும் என்று விட்டுவிடவில்லை.

திருக்குறளில் இந்நுண்மை இன்னும் ஆழமுடையது. பேதைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அடுத்தே புல்லறிவாண்மைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அறியாமை ஒன்று, அறியாமலே அறிந்தவனாகத் தன்னை எண்ணிக்கொள்ளுதல் வேறொன்று. முன்னவனுக்குக் கற்பிக்கலாம், பின்னவனுக்குக் கற்பிக்கப் புகுவார் படும் பாடு பெரிது. அவ்வாறே மடி வேறு, பொச்சாப்பு வேறு. ஒரு மாணவன் வீட்டுப் பாடத்தை எழுதி வரவில்லை எனக் கொள்க. உடல் வணங்காத சோம்பல் மடி. மகிழ்ச்சிப் பெருக்கில் கடமையை மறந்துவிடும் சோர்வு பொச்சாப்பு. செய்வதைப் பின்னைக்குப் பின்னைக்கு என்று தள்ளிக்கொண்டே போவது நெடுநீர்மை. இம்மூன்றையும் இன்று ‘பொறுப்பில்லாதவன்’ என்னும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றோமே, மூவரும் ஒருவரா?

ஒரு சொல் தேய்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் கண்ணோட்டம் என்பதே சான்று. பிறர் துன்பம் கண்டவிடத்துக் கண் இரங்கி ஓடும் அருட்பண்பையே வள்ளுவர் அப்பெயரால் குறித்து, அதற்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இன்று அச்சொல் ஒரு பொருளை நோக்கும் கோணம் என்னும் அளவில் நின்றுவிட்டது. சொற்பொருள் மாறுதல் மொழியியற்கை. அதனைத் தடுத்தல் அரிது. ஆயினும், முகம் பார்த்தே உள்ளம் இளகும் அவ்வியல்பு இன்றும் மக்களிடையே இருக்கின்றது. அதற்குரிய பெயர்தான் நாவில் இல்லை. பெயரில்லாப் பண்பைப் பாராட்டுவார் யார்? பிள்ளைகளிடம் வளர்ப்பார் யார்?

ஏட்டுச் சொற்களோடு இவ்வளம் முடிந்துவிடவில்லை. எழுதப் படிக்க அறியாத பாட்டிமாரின் வாயில் வழங்கிய பண்புச் சொற்கள் எண்ணிலடங்கா. எவ்வளவு கேட்டாலும் வாய் திறவாதவன் கல்லுளிமங்கன். செய்ததை மறைத்து ஒன்றுமறியாதவன்போல் இருப்பவன் அமுக்கன். உள்ளத்தில் ஒளிவு மறைவு அறியாதவன் வெள்ளந்தி. கேளாமுன்னே முந்திக்கொண்டு நிற்பவன் முந்திரிக்கொட்டை. ஒரு சொல்லுக்கே குன்றிப்போகின்றவன் தொட்டாற்சுருங்கி. சொந்த எண்ணம் இன்றி இழுத்த இழுப்புக்குச் செல்பவன் எடுப்பார் கைப்பிள்ளை. பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவன் உம்மணாமூஞ்சி. பேசினால் எரிந்து விழுகின்றவன் சிடுமூஞ்சி. கடைசி இருவரையும் பிரித்தறிய உளவியல் பட்டம் வேண்டியதில்லை. ஊர்த் திண்ணையே போதும். இன்றோ இவர்கள் அனைவரும் ‘மூடி டைப்பு’, ‘டென்சன் பார்ட்டி’, ‘ஒரு மாதிரியான ஆள்’ என்னும் மூன்று நான்கு பெயர்களுக்குள் அடைக்கப்படுகின்றனர். ‘ஒரு மாதிரி’ என்பார் எந்த மாதிரி என்று சொல்வதே இல்லை. சொல் சுருங்கவே பார்வை சுருங்கிற்று.

மக்கள் வழங்கும் சொற்களில் மாந்தப் பண்பின் வரைபடமே அடங்கியிருக்கின்றது என்பதை மேலையறிஞரும் கண்டு ஆய்ந்தனர். பிரான்சிசு கால்டன் என்னும் ஆங்கிலேயர் 1884-இல் உரோசேயின் சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் பார்த்து, பண்பைச் சுட்டும் சொற்கள் ஏறத்தாழ ஆயிரம் இருக்கும் என மதிப்பிட்டார். 1936-இல் கார்டன் ஆல்போர்ட்டு, ஓடுபெர்ட்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெபுசுட்டரின் பேரகரமுதலியைச் சொல் சொல்லாகச் சலித்து, ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்துக் காட்டும் சொற்கள் 17,953 எனத் தொகுத்து நான்கு பிரிவாக்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகரமுதலி ஆறு தொகுதிகளாக நிறைவெய்தியதும் அதே 1936-ஆம் ஆண்டில்தான் என்பது நினைக்கத்தக்கது.

அவ்வாங்கிலச் சொற்பட்டியைப் பின்வந்தோர் சுருக்கிச் சுருக்கி, புறநாட்டம், இணக்கம், கடமையுணர்வு, உள்ள உறுதி, புதுமைநாட்டம் என ஐந்து பெரும் பண்புகளில் கொண்டுவந்து நிறுத்தினர். பின்னர்ப் பிற மொழிச் சொற்களையும் ஆய்ந்தவிடத்து, நேர்மையும் பணிவும் சேர்ந்த ஆறாவது பண்பு ஒன்று தலைகாட்டிற்று. பொலிவியா நாட்டில் காட்டை ஒட்டி வாழும் சிமானே மக்களிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்விலோ அவ்வைந்தும் அவ்வாறே அமையவில்லை. இதனால் அறியத்தக்கது யாது? ஒரு மொழியின் சொற்களைக் கொண்டு வரைந்த வரைபடம் உலக மாந்தர் அனைவர்க்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளுதல் கூடாது. மக்கள் தம் வாழ்வில் எவ்வெவ் வேறுபாடுகளைக் காண வேண்டியிருந்ததோ, அவ்வவற்றிற்கே சொற்களைப் படைத்துக்கொண்டனர். அச்சொற்களைக் கைவிடுதல், முன்னோர் பல நூற்றாண்டுகள் மாந்தரைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவைக் கைவிடுதலே ஆகும்.

இனி, அறிவதுபோல் தோன்றி அறியாமையை வளர்ப்பனவும் உள. அவற்றுள் முதலாவது, எல்லார்க்கும் பொருந்தும் பொதுமொழி. பெர்ட்ராம் போரர் என்னும் அமெரிக்க உளவியலார் தம் மாணவர் 39 பேர்க்குப் பண்புத் தேர்வு ஒன்று வைத்தார். பின்பு ஒவ்வொருவர்க்கும் அவரவர் இயல்பை விளக்கும் குறிப்பு என்று ஒரு தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகின்றது எனக் கேட்டார். ஐந்துக்கு நான்குக்கு மேல் என்பது அவர்கள் தந்த மதிப்பெண்ணின் சராசரி. உண்மையில் அனைவர்க்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு. அதன் தொடர்களோ கடையில் விற்கும் கணிய நூலொன்றிலிருந்து திரட்டப்பட்டவை! 1949-இல் வெளியான இவ்வாய்வு, நாள்தோறும் பன்னிரண்டு ஓரைகளுக்குப் பலன் எழுதிப் பிழைப்போரின் கமுக்கத்தை வெளிச்சமாக்கிற்று. பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் தாளில் உள்ள கட்டங்களைப் பார்ப்பவர், எதிரில் அமர்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, ஒரு பண்பின் ஒளி மற்றப் பண்புகளையும் மறைத்துவிடுதல். படைத்துறையில் மேலதிகாரிகள் தம் கீழுள்ளாரைப் பற்றித் தந்த மதிப்பீடுகளை எட்வர்டு தார்ண்டைக்கு 1920-இல் ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைத்திறம், ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்லியும், ஒன்றில் உயர்ந்தவன் எல்லாவற்றிலும் உயர்ந்தவனாகவே எழுதப்பட்டிருந்தான். அதிகாரிகள் நான்கு பண்புகளைப் பார்க்கவில்லை. ‘நல்லவன்’, ‘அல்லன்’ என்னும் ஒன்றையே நான்கு முறை எழுதியிருந்தனர். வகுப்பறையிலும் இஃது இல்லையா? கையெழுத்து அழகாக உள்ளவன் பொய் சொல்லான் என்றும், கணக்கில் முதல் மதிப்பெண் பெறுபவள் பண்பிலும் முதல்வி என்றும் கொள்ளும் மயக்கம் எத்தனை பிள்ளைகளைப் பின்வரிசையில் அமர்த்திவிட்டது!

மூன்றாவதே கொடியது. அது, பிறப்பைப் பார்த்து ஆளைப் பார்க்காமை. முன்கூறிய கால்டனே 1892-இல் விரல்வரிகளைப் பற்றியும் நூல் எழுதினார். ஒருவர் விரல்வரி மற்றொருவர்க்கு இராது என்பதால், ஆளை ஆளாகப் பிரித்தறிய அதனினும் உறுதியான கருவி அந்நாளில் இல்லை. அக்கருவி தமிழ்நாட்டில் எதற்குப் பயன்பட்டது? 1871-இல் ஆங்கிலேய ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒருவன் திருடினானா என்று கேளாமல், எந்தக் குலத்தில் பிறந்தான் என்று கேட்டு, அவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி விரல்வரி எடுத்தனர். உழுபவனும் திருடுபவனும், சான்றோனும் கயவனும் ஒரே பட்டியில் ஏறினர். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் அப்பதிவை எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் காவலர் சுட்டதில் பலர் மாண்டனர். மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது.

தனி ஆளைக் காட்டும் கருவி கையில் இருந்தும் தனி ஆளைப் பார்க்க மறுத்தனர் என்பதே அந்நிகழ்வின் கொடுமை. விரல்வரி இவன் யார் என்று சொல்லும். எத்தகையன் என்று சொல்லாது. எத்தகையன் என்பதை அண்டை வீட்டான் சொல்லுவான். உடன் உழுதவன் சொல்லுவான். கற்பித்த ஆசிரியர் சொல்லுவார். அவர்களைக் கேட்க எவரும் விரும்பவில்லை. ஆங்கிலேயன் போய்விட்டான், ஆனால், புதிதாக ஒருவரைக் கண்டவுடன் அவர் எத்தகையர் என்று கேளாமல், அவர் என்ன ஆள் என்று குலம் கேட்கும் வழக்கம் போய்விட்டதா? அக்கேள்விக்குக் கிடைக்கும் விடை, அம்மாந்தரைப் பற்றி ஒன்றையும் சொல்வதில்லை. கேட்டவரைப் பற்றியே சொல்லுகின்றது.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். ஒருவரைப் பண்புச் சொல்லால் குறிப்பது அவர் முதுகில் முத்திரை குத்துவது ஆகாதா? பள்ளியில் ‘மந்தம்’ என்று ஒருவர் சொன்ன சொல், ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுதும் தொடருமன்றோ? அதனினும் எல்லார்க்கும் ‘நன்று’ என்று எழுதிவிடுதல் அருள் ஆகாதா? இத்தடை வலியுடையது, எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று.

ஆல்பிரடு பினே என்னும் பிரெஞ்சு அறிஞர் சைமனோடு சேர்ந்து 1905-இல் அறிவளவைத் தேர்வை உருவாக்கியது, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டு தனி உதவி செய்தற்கே. அறிவு பயிற்சியால் வளராது என்பாரை அவர் கண்டித்து எழுதினார். அக்கருவியை அமெரிக்காவிற்குக் கொண்டுசென்ற என்றி காடர்டு என்பாரோ, 1910-இல் ‘மோரான்’ என்னும் புதுப் பெயரைப் படைத்து, அத்தகையாரைப் பிரித்து வைக்க வேண்டும் என்றார். உதவிக்காகப் பிறந்த கருவி ஒதுக்குதற்கான கருவியாயிற்று. ஆகவே, சொல்லால் தீங்கு நேரும் என்பது உண்மையே.

ஆனால் தீங்கு எங்கிருந்து வந்தது? வேறுபாட்டைக் கண்டதால் வரவில்லை. கண்ட ஒன்றையே முழு ஆளாகவும், என்றும் மாறாததாகவும் கொண்டதால் வந்தது. மருந்தின் அளவு மிகுந்து ஒருவர் இறந்தால், மருத்துவத்தையே விட்டுவிடுவாரில்லை. ‘மந்தம்’ என்பதும் ‘நன்று’ என்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். இரண்டும் பிள்ளையைப் பாராமலே எழுதத்தக்கவை. முன்னது கொடுமையால் பாராதது. பின்னது சோம்பலால் பாராதது.

நேரிய வழி ஒன்று உண்டு. சுவேடர், பூர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஒடிசா மாநிலத்துப் புவனேசுவரத்து மக்களிடம் அவர்தம் அறிமுகமானோரைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டு, அவ்விடைகளை அமெரிக்கர் தந்த விடைகளோடு ஒப்பிட்டு 1984-இல் எழுதினர். அமெரிக்கர் ‘அவள் அன்பானவள்’ என்பதுபோல் பண்புப் பெயரால் மிகுதியாகச் சொல்ல, ஒடியா மக்கள் இன்ன வேளையில் இன்னாருக்கு இன்னது செய்வாள் என்று செயலும் சூழலும் தோன்றச் சொன்னார்கள். பொதுமைப்படுத்தும் ஆற்றல் இல்லாமையால் அவ்வாறு சொன்னார்கள் என்பதை அவ்வறிஞர் ஏற்கவில்லை. அஃது ஆளைப் பார்க்கும் வேறொரு முறை என்றே கொண்டனர்.

தமிழர்க்கு இம்முறை புதிதன்று. தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல் அவரவர் செயலே என்று வள்ளுவர் தெளிவாக்கிவிட்டார். குறையே இல்லாதவர் கிடைத்தல் அரிது ஆகையால், நிறையும் குறையும் ஒருங்கே ஆய்ந்து மிக்கதைக் கொள்ளுமாறும் பணித்தார். சொல்லும் வேண்டும், அச்சொல்லைத் தாங்கும் செயலும் வேண்டும். நிறையும் வேண்டும், குறையும் வேண்டும். இவ்வளவும் இருப்பின் முத்திரை என்னும் அச்சத்திற்கு இடமில்லை. செயல் மாறினால் சொல்லும் மாறும் அன்றோ?

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவியைப் பற்றி ‘நன்று’ என்று எழுதுவதற்கு மாறாக, ‘கூச்சமுடையவள், வகுப்பில் எழுந்து பேச அஞ்சுவாள், ஆயினும் தன்னிலும் இளைய பிள்ளைகளுக்குச் சலியாமல் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள்’ என்று எழுதினால் எவ்வளவு புலனாகின்றது! அடுத்த பள்ளியின் ஆசிரியர் அவளை எங்கு அமர்த்த வேண்டும், எதில் ஊக்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே அறிவார். ஒரு மாணவனைப் பற்றி, ‘முன்சினம் உடையவன், சினம் தணிந்தவுடன் தானே சென்று பொறுத்தருளக் கேட்பவன்’ என்று எழுதினால், அது பழியாகுமா? அவனை உண்மையாகப் பார்த்த ஒருவர் இருந்தார் என்பதற்குச் சான்றாகும். இவற்றை எழுதக் கால் மணித்துளி போதும். பார்ப்பதற்கே ஓராண்டு வேண்டும். அரசு தரும் சான்றிதழின் கட்டம் சிறிதெனில், தனித்தாளில் எழுதி இணைப்பதற்கு எவர் தடை?

ஐம்பது அறுபது பிள்ளைகள் நெருங்கிய வகுப்பில் ஒவ்வொருவரையும் பார்ப்பது எங்ஙனம் என்று ஆசிரியர் கேட்கலாம். அவர் துன்பம் மெய்யே. வாரத்திற்கு இருவரைக் கருத்திற் கொண்டு நோக்கினாலும் ஓராண்டில் எல்லாரும் அடங்குவர். பெற்றோரும் தம் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாமல், ‘என் பிள்ளை எத்தகையன்?’ என்று கேட்டல் வேண்டும். கேட்பார் இருந்தால் பார்ப்பாரும் உண்டாவர். ஊர்தோறும் முதியோர் வாயில் எஞ்சியிருக்கும் பண்புச் சொற்களை மாணவரைக் கொண்டே தொகுக்கச் செய்வதும் வேண்டும். தொகுத்த சொல்லைக் காட்சிப் பொருளாக வைத்துவிடாமல் நாளும் வழங்குதல் வேண்டும். வழங்காத சொல் அகரமுதலியில் உறங்கும். வழங்கும் சொல்லே கண்ணைத் திறக்கும்.

பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளை, தன்னைப் பற்றி எழுதிய தாளைத் தானும் படிக்கின்றது. அதில் தோளின் மறுவும் ‘நன்று’ம் மட்டுமே இருந்தால், பத்தாண்டும் தன்னை எவரும் பார்க்கவில்லை என்றே அது கற்றுக்கொண்டு போகும். ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, இவ்வாண்டு எழுதப்போகும் சான்றுகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கே உரிய ஒரு தொடரையேனும் எழுதுக. அத்தொடரைப் பெயர் மாற்றி வேறொரு பிள்ளைக்கு எழுத இயலுமாயின், அதை அடித்துவிட்டு, அப்பிள்ளையை மீண்டும் ஒருமுறை பார்க்க.